கென்ட்காரியின் கயிறு

ஹெர்லின்டா புரூஜுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி விற்கும் ஃபிர்மின் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. சுத்திப் பார்க்கப் போறேன்."

"புரூஜையா?"

"ஆமாய்யா, புரூஜைத்தான். ஏதோ நரகத்துக்குப் போறேன்னு சொன்ன மாதிரி முழிக்கற."

"நரகம்னா நம்ம ஊர் ஆளுங்க நாலு பேர் அங்க இருப்பாங்க. பேச்சுத்துணை இருக்குன்னு நானும் நிம்மதியா இருப்பேன்."

அவன் முழித்ததில் தப்பே இல்லை. எங்கள் கென்ட்டிலிருந்து புரூஜ் ரயிலில் அரை மணி தூரம்தான். ஆனால் ஹெர்லின்டா டெமர்மன் அறுபத்தாறு வயது வரை அந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை. ஸ்பெயினுக்குப் போயிருக்கிறாள், லூர்து மாதா கோவிலுக்குப் போயிருக்கிறாள். கடற்கரைக்குப் போகும் ரயில் புரூஜில் நிற்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் பாவனை செய்வாள். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டுமே கால்வாய் ஊர், இரண்டுமே பழைய ஊர், இரண்டுக்கும் கோபுரம் உண்டு, கர்வம் உண்டு. ஒருவரை ஒருவர் பிடிக்காமல் போக இது போதாதா? அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் எங்கள் ஆற்றிலிருந்து தங்கள் பக்கம் ஒரு கால்வாய் வெட்டப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு போய், மண்வெட்டி பிடித்தவர்களை அங்கேயே தீர்த்துவிட்டு வந்தார்கள். அடித்தது நாங்கள்தான். இருந்தாலும் கோபம் எங்களுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள்.

அப்படிப்பட்ட எங்கள் ஊரிலும் ஹெர்லின்டா ஒரு படி மேலே. பத்தொன்பது வயதில் சந்தையில் கோழி சுட்டு விற்க வந்தவள். ஆளுயர அடுப்பு, அதற்குள் கம்பி கம்பியாகச் சுழலும் கோழிகள், மேலே புகை, முன்னால் அவள். கணவன் வில்ஃப்ரிட் இருந்த வரை கோழி கழுவுவது அவன் வேலை, சண்டை போடுவது இவள் வேலை. அவன் போன பிறகு இரண்டையும் இவளே பார்த்தாள். ஒருமுறை புதிதாக வந்த சந்தை அதிகாரி, சதுக்கத்து நடுவில் இருக்கும் சிலைக்குப் பின்பக்கமாகக் கடையை நகர்த்தச் சொன்னார். சிலையில் இருப்பவர் எங்கள் ஊரின் பழைய தலைவர். ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஹெர்லின்டா அந்தக் கையைக் காட்டி, "அவர் என் கடையைத்தான் காட்டிக்கிட்டு நிக்கறாரு. முதல்ல அவரைத் திருப்பி வையுங்க, அப்புறம் நான் திரும்பறேன்" என்றாள். கடை இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆற்றங்கரையில் அவள் வீடு; சமையலறையில் ஓர் ஆணி. அதில் ஒரு வெள்ளைக் கயிறு, சுருக்குப் போட்டபடி தொங்கும். அது அவள் அப்பா ஊர்வலத்தில் மாட்டிக்கொண்ட கயிறு. இதே ஊரில் பிறந்த சக்கரவர்த்தி ஒருவர், தன் சண்டைக்கு நாங்கள் வரி கட்டமாட்டோம் என்று சொன்னதற்காக, ஊர்ப் பெரியவர்களைச் வெறும் சட்டையோடு வெறுங்காலில் நடக்கவைத்து, கழுத்தில் தூக்குக்கயிறு மாட்டி, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கவைத்தார். வேறு ஊராக இருந்தால் அதை மறைத்திருப்பார்கள். நாங்கள் வருஷாவருஷம் ஆடித் திருவிழா மாதிரி ஜூலையில் விழா எடுத்து, அதே கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறோம். மாட்டினாயே, இப்போது பார், அழகாக இருக்கிறதா என்று அந்தச் சக்கரவர்த்தியையே கேட்பதுபோல. வெளியூர்க்காரர்கள் எங்களைக் கயிற்றுக்காரர்கள் என்றால் எங்களுக்கு அது வசவு இல்லை.

இப்படிப்பட்டவள் வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாள். வெறும் வயிற்றோடு விடியற்காலையிலிருந்து நின்றதுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தலையில் அடிபட்டதால் ஞாபகசக்தியையும் சோதித்துவிடலாம் என்றார். மூன்று வார்த்தை சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார். ஹெர்லின்டாவுக்கு ஒன்றுதான் நினைவு வந்தது. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டதற்கு, "சந்தை நாளா இல்லையான்னு கேளுங்க, சொல்றேன்" என்றாள். மருத்துவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த மகள் வேர்லாவும் சிரிக்கவில்லை.

வேர்லா ஆல்ஸ்ட் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். நல்ல பெண். நல்ல பெண்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவள் தன் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் ஓர் அறை பார்த்துவிட்டாள். தோட்டம் உண்டாம், கைத்தடி பிடித்து நடக்கச் சொல்லித்தர ஆள் உண்டாம், சாயங்காலம் ஐந்தரைக்குச் சூடாக சூப் உண்டாம்.

"அஞ்சரைக்கு கூட்டுக்குள்ள போறது கோழி" என்றாள் ஹெர்லின்டா. "நான் கோழி விக்கறவ."

"விளையாடாதம்மா. போன மாசம் அடுப்பை அணைக்காம வெளிய போயிட்ட. ஈஸ்டர் அன்னிக்கு என் கடையிலிருந்து ஸ்டேஷனுக்கு வர வழி தெரியாம நடுரோட்டுல நின்ன. நான் வந்து கூட்டிட்டுப் போகலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"உங்க ஆல்ஸ்ட்ல எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கு. அண்ணாந்து பார்த்தா ஒரு அடையாளம் இருக்கா? அது என் தப்பா?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்ப. உன்னால தனியா ஒரு தெரியாத ஊர்ல ஒரு நாள் இருக்க முடியுமா? யார்கிட்டயும் வழி கேட்காம, எனக்குப் போன் பண்ணாம? இருந்து காட்டு. அப்புறம் அந்த இல்லத்தைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்."

"எந்த ஊரு?"

அம்மா பின்வாங்கிவிட வேண்டும் என்பதுதான் வேர்லாவின் ஆசை. அதனால்தான் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"புரூஜ்."

ஹெர்லின்டா எழுந்து ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

"சரி. ஒரு ராத்திரி தங்கிட்டு வர்றேன். அங்க நான் வழி தவறினா, நானே வந்து உன்கிட்ட சொல்றேன். நீயே இந்தக் கயிறை என் கழுத்துல மாட்டு. செருப்பில்லாம ஆல்ஸ்ட் வரைக்கும் நடந்து வர்றேன்."

"நெஜமா சொல்லுவியா?"

"என்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

அம்மா வாடிக்கையாளரிடம்கூடப் பொய் சொன்னதில்லை. காய்ந்துபோன கோழியைக் காட்டி, "இது காய்ஞ்சு போச்சு, வேணும்னா எடுத்துக்க" என்று சொல்லி விற்பவள்.

"நீ ஜெயிச்சா?" என்றாள் வேர்லா.

"உன் கழுத்துல."

அக்டோபர் மாதம், திங்கள்கிழமை காலை. ஒரு கைப்பை, அதற்குள் மாற்றுத் துணி, அதற்கும் அடியில் கயிறு. புரூஜ் ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் நடந்தபோது ஹெர்லின்டாவுக்கு முதலில் வந்தது எரிச்சல். ஊர் அவ்வளவு அழகாக இருந்தது. தண்ணீருக்குள் நிற்கும் செங்கல் சுவர்கள், வளைந்த பாலங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. குதிரைவண்டி போன பிறகு சாணத்தை அள்ள ஓர் ஆள் பின்னாலேயே ஓடுகிறான். இரண்டு கடைக்கு ஒரு சாக்லேட் கடை. யாரும் இங்கே குப்பை கொட்டமாட்டார்களா, சண்டை போடமாட்டார்களா, மீன் வாங்கமாட்டார்களா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

விடுதி ஊரின் தெற்குப் பக்கம், ஸ்டேஷனுக்கும் ஊர் நடுச் சதுக்கத்துக்கும் இடையில், ஒரு சின்னக் கால்வாயின் ஓரம் இருந்தது. மாற்றுத் துணியை அறையில் வைத்தாள். ஜன்னலைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். தூரத்தில் மூன்று கோபுரங்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. எங்கள் ஊரிலும் மூன்றுதான்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பையன், "ஒருத்தர்தானா மேடம்?" என்று பரிதாபமாகக் கேட்டான்.

"ஏன், வாசல்ல நிக்கற யாரையாவது பிடிச்சு இழுத்துட்டு வரணுமா?"

கதவோரத்து மேஜையைக் காட்டினான். அவள் தண்ணீர் பார்த்த மேஜையில் போய் உட்கார்ந்தாள். பீரில் வெந்த மாட்டிறைச்சியும் பொரித்த உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டாள். இறைச்சி நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் உருளைக்கிழங்கைத் திட்டினாள். தனியாக உட்கார்ந்து, யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல், தட்டு காலியாகும்வரை சாப்பிட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பிடித்திருந்தது.

பிறகு படகில் ஏறினாள். படகோட்டி ஓடீல் என்பவன். அவள் வயதுதான் இருக்கும், சிவந்த மூக்கு, ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்குக் கேட்கும் குரல். ஒரு காலத்தில் உலகத்துப் பணமெல்லாம் இந்தக் கால்வாயில்தான் வந்து இறங்கியது என்று அவன் பெருமையடித்தபோது ஹெர்லின்டா முன் இருக்கையிலிருந்து சொன்னாள்.

"பணம் வந்துச்சு. தைரியம் வந்துச்சா?"

படகில் சிரிப்பு. ஓடீல் சுக்கானைப் பிடிக்காத கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். "அம்மணிக்கு எந்த ஊரோ?"

"சொல்லணுமா?"

"வேண்டாம். வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. கயிறு ஊரு."

அப்போது கூட்டமாக அன்னங்கள் வந்தன. ராஜாவின் அதிகாரியைக் கொன்றதற்குத் தண்டனையாக, காலமெல்லாம் அன்னம் வளர்க்க வேண்டும் என்று இந்த ஊருக்கு ராஜா கட்டளை போட்டதாகக் கதை. ஓடீல் அதைச் சொன்னான்.

"பாருங்களேன்" என்றாள் ஹெர்லின்டா பக்கத்திலிருந்தவரிடம். "எங்களுக்குக் கழுத்துல கயிறு, இவங்களுக்கு அன்னப்பறவை. தண்டனைகூட இந்த ஊருக்கு அலங்காரமாத்தான் வருது."

இறங்கும்போது ஓடீல் கை கொடுத்தான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை; தானே தாவி இறங்கினாள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. சதுக்கத்தில் ஒரு காபி குடித்தாள், இன்னும் கொஞ்சம் நடந்தாள், கால் வலிக்க ஆரம்பித்தது. விடுதிக்குத் திரும்பலாம் என்று அண்ணாந்து பார்த்தாள். கூரைகளுக்கு மேலே கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் விட்டு நேராக நடந்தாள். யோசிக்கவே இல்லை, பல் தேய்ப்பதை யார் யோசித்துச் செய்கிறார்கள்?

நடந்தாள். ஒரு பாலம், ஒரு வளைவு, நீல ஷட்டர் போட்ட ஒரு ரொட்டிக்கடை. விடுதி வரவில்லை. திரும்பி அண்ணாந்து பார்த்தாள். நடுவில் இருந்த கோபுரம் ஓரத்துக்குப் போயிருந்தது. சரி, கொஞ்சம் இடது பக்கம் என்று திரும்பினாள். மறுபடி ஒரு பாலம். மறுபடி நீல ஷட்டர் ரொட்டிக்கடை. இது வேறு கடையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் அதே குண்டுப் பெண் அதே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு தெருவில் நுழைந்தாள். அந்தத் தெரு முடிந்த இடத்தில் நீல ஷட்டர் நின்றது. இந்த முறை குண்டுப் பெண் இவளைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பாவம் என்பதுபோல.

அப்போதுதான் ஹெர்லின்டாவுக்குப் பயம் வந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. மருத்துவர் சொன்ன மூன்று வார்த்தைகளை நினைத்துப் பார்த்தாள். ஆப்பிள். அப்புறம்? ஆப்பிள். அதற்குமேல் ஒன்றுமில்லை. வேர்லா சொல்வது சரிதானா? மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோய்க்கொண்டிருக்கிறதா, எனக்கு மட்டும்தான் அது தெரியாதா? எதிரே ஒரு போலீஸ்காரர் வந்தார். கேட்டால் ஒரு நிமிஷத்தில் வழி சொல்லிவிடுவார். கைப்பையில் போன் இருக்கிறது. வேர்லா முதல் மணியிலேயே எடுப்பாள், திட்டக்கூட மாட்டாள். அழுவாள். அதுதான் தாங்காது. ஹெர்லின்டா போலீஸ்காரருக்கு வணக்கம் சொல்லி, எங்கே போகிறோம் என்று நன்றாகத் தெரிந்தவள்போல அவரைத் தாண்டி நடந்தாள். கண்ணில் நீர் வந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

வீடுகள் குறைந்தன. ஊரே முடிந்துவிட்டது. புல்மேடு, மேட்டின்மேல் ஒரு பழைய காற்றாலை, அதற்குக் கீழே ஊரைச் சுற்றி ஓடும் அகலமான கால்வாய். கரையில் ஒரு சின்னப் படகைக் கவிழ்த்துப்போட்டு ஓர் ஆள் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். திரும்பினான். சிவந்த மூக்கு.

"அட, கயிறு அம்மணி! இங்க என்ன வேலை? இந்தப் பக்கம் சுற்றுலாக்காரங்க வரமாட்டாங்களே."

"சும்மா நடந்துட்டு வந்தேன்."

"வழி தவறிட்டீங்க."

"நான் சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுது. எந்த விடுதி? நான்..."

"வாயைத் திறந்தீங்க, அந்த பெயிண்ட் டப்பாவைத் தண்ணிக்குள்ள தள்ளிடுவேன்!" ஹெர்லின்டா கத்தினாள். "ஒரு வார்த்தை வழி சொல்லக்கூடாது. சொன்னா நான் தோத்தேன். என் வீடு போயிடும், என் கடை போயிடும். அஞ்சரை மணிக்கு சூப்பு குடிச்சிட்டுப் படுக்கணும். புரியுதா?"

ஓடீலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தூரிகையைக் கீழே வைத்தான். ஒரு பெட்டியைத் தள்ளி உட்காரச் சொன்னான். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தான். அவள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். சந்தையில் யாரிடமும் சொல்லாததை, பிறந்ததிலிருந்து வெறுத்த ஓர் ஊரின் ஆளிடம் சொன்னாள். நீல ஷட்டரைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் மூக்கு வழியாக, பிறகு தொப்பை குலுங்க.

"அடுத்தவ கஷ்டத்துல சிரிக்கற ஊர்னு தெரியும்" என்று அவள் எழுந்தாள்.

"உட்காருங்க அம்மணி. நான் வழி சொல்லல. நீங்க ஏன் வழி தவறினீங்கன்னு மட்டும் சொல்றேன், அதுல தப்பில்லையே? இந்த வருஷம் இங்க வந்து நின்ன கென்ட் ஆளுங்க எத்தனை பேர்னு எனக்கே கணக்கில்லை. வழி தெரியலைன்னா வேற ஊர்க்காரன் மேப்பைப் பார்ப்பான். கென்ட்காரன் வானத்தைப் பார்ப்பான். கோபுரம் தேடுவான்."

ஹெர்லின்டா மறுபடி பெட்டியில் உட்கார்ந்தாள்.

"உங்க ஊர்ல மூணும் ஒரே கோட்டுல நிக்குது. வரிசை தெரிஞ்சா போதும், ஆறு எந்தப் பக்கம், வீடு எந்தப் பக்கம்னு குழந்தைகூடச் சொல்லிடும். இங்கயும் மூணு இருக்கு. ஆனா முக்கோணமா நிக்குது. நீங்க நடக்க நடக்க அது இடம் மாறும். வரிசையை முதுகுக்குப் பின்னால விட்டு நடந்தீங்கன்னா, சுத்திச் சுத்தி கடைசில என் படகுக்குத்தான் வரணும்."

ஹெர்லின்டா திரும்பி மூன்று கோபுரங்களையும் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். எங்கள் ஊரில் குழந்தை காணாமல் போனால் தாய் திட்டுவாள்: மேலே பார்த்திருக்க வேண்டியதுதானே? அறுபத்தாறு வருஷமாக அவள் மேலே பார்த்துத்தான் வீடு வந்திருக்கிறாள். மூளை கழன்றுபோகவில்லை. மூளை கென்ட்டிலேயே இருக்கிறது, கால் மட்டும் புரூஜுக்கு வந்திருக்கிறது. நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. அவளுக்குக் கோபம்தான் பழக்கம் என்பதால் அதையே எடுத்துக்கொண்டாள்.

"மூணு கோபுரத்தை ஒழுங்கா ஒரு வரிசையில நிறுத்தத் தெரியல, இதுல உலகத்துப் பணமெல்லாம் இங்க வந்துச்சாம்!"

"அப்பாடா" என்றான் ஓடீல். "இப்ப சரியாயிடுச்சு."

வழியை அவளே கண்டுபிடித்தாள். மேலே பார்க்கக்கூடாது என்றால் கீழேதானே பார்க்க வேண்டும்? சந்தைக்காரிக்குக் கீழே பார்க்கத் தெரியும். யார் எந்தப் பையோடு எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்தே கடை நடத்தியவள். சாயங்காலம் ஆனால் இந்த ஊரில் ஊர் திரும்பும் விருந்தாளிகள் எல்லாரும் சக்கரம் வைத்த பெட்டியைக் கருங்கல் தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குத்தான் போவார்கள். தெருக்களுக்குள் திரும்பி, அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடந்தாள். ஒரு பெட்டி வேறு பக்கம் திரும்பினால் அடுத்த பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் வந்தது. அங்கிருந்து காலையில் வந்த வழி அவளுக்குத் தெரியும்: சைக்கிள் கடை, மஞ்சள் கதவு, மூக்கு உடைந்த மாதா சிலை, விடுதி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, சத்தமாகச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். அது காற்று இல்லை.

மறுநாள் கென்ட் ஸ்டேஷனில் வேர்லா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ராத்திரி தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"வழி தவறினியாம்மா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொன்னால் வீடும் கடையும் ஆற்றங்கரையும் அவளுடையவை. வேர்லா அறிய யாரும் சாட்சி இல்லை.

"தவறினேன்" என்றாள் ஹெர்லின்டா. "நல்லா தவறினேன். ஒரே ரொட்டிக்கடையை மூணு தடவை பார்த்தேன்."

வேர்லாவின் முகத்தில் வெற்றி இல்லை. கண் நிறைந்தது. "அம்மா..."

"அழுது முடிச்சிட்டியா? அடுத்த ரயில் அந்தப் பிளாட்பாரத்துல. ஏறு."

"எங்க?"

"எங்கன்னா? புரூஜுக்கு. தூக்குல தொங்கப்போறவனுக்குக்கூடக் கடைசி ஆசை கேட்பாங்க. நான் உன் அம்மா."

புரூஜில் ஹெர்லின்டா மகளைச் சைக்கிள் கடை, மஞ்சள் கதவு, மாதா சிலை வழியாக விடுதிவரை கூட்டிப்போனாள். விடுதி வாசலைக் காட்டினாள். அங்கிருந்து சதுக்கத்துக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தாள். சதுக்கத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் கொஞ்சம் நடக்கவைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"போனை இப்படிக் கொடு. இப்ப என்னை அந்த விடுதிக்குக் கூட்டிட்டுப் போ. யார்கிட்டயும் கேட்கக்கூடாது."

"இவ்வளவுதானா?" வேர்லா சிரித்தாள். "இதுல என்னம்மா இருக்கு. கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே போனா ஆச்சு."

ஹெர்லின்டா வாழ்க்கையில் செய்த பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால், அந்த நிமிஷம் அவள் வாயை மூடிக்கொண்டு நடந்ததைத்தான் சொல்வேன். மகள் அண்ணாந்து பார்த்தாள், தலையாட்டினாள், திரும்பினாள். ஒரு பாலம், ஒரு வளைவு. நீல ஷட்டர். வேர்லாவின் நடை வேகமாயிற்று. மறுபடி அண்ணாந்து பார்த்தாள். "அந்தக் கோபுரம் இந்தப் பக்கம்தானே இருந்துச்சு..." என்று முணுமுணுத்தாள். மறுபடி நீல ஷட்டர். குண்டுப் பெண் இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தாள். வேர்லாவின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. வீடுகள் குறைந்தன, புல்மேடு வந்தது, காற்றாலை வந்தது, கால்வாய் வந்தது. கவிழ்த்துப்போட்ட படகுக்கு ஓடீல் இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணா?" என்றான்.

"என் பொண்ணு" என்றாள் ஹெர்லின்டா.

"அதைச் சொல்லணுமா? தூரத்துலயே தெரிஞ்சுது. எறும்பை மிதிச்சாக்கூடத் தெரியாம வானத்தைப் பார்த்துக்கிட்டே வர்றாங்களே!"

அவனே விளக்கினான். வேர்லா நின்று கேட்டாள். மூன்று கோபுரங்களையும் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி கோபுரங்களைப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் மூளையை யாரும் சோதித்ததில்லை.

"ஆனா மறதி நெஜம்தானேம்மா" என்றாள் கடைசியில், மெதுவாக. "அந்த மூணு வார்த்தை..."

"நெஜம். ஆப்பிள் இருக்கு, மத்த ரெண்டும் போயிடுச்சு. போகட்டும். மறந்தா என் வீட்டுல, என் ஆத்தங்கரையில, என் கடையில நின்னு மறக்கறேன். எல்லாத்தையும் மறந்துபோற அன்னிக்கு நீ வந்து கூட்டிட்டுப் போ. நான் சண்டை போடமாட்டேன், ஏன்னா சண்டை போடணும்னு ஞாபகம் இருக்காது. அது வரைக்கும் சண்டைதான். அஞ்சரைக்கு நான் சூப்பு குடிக்கமாட்டேன்."

வேர்லா மூக்கை உறிஞ்சினாள். ஓடீல் படகின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே பூசிய இடத்தையே பூசிக்கொண்டிருந்தான்.

ஹெர்லின்டா கைப்பையைத் திறந்து, அடியிலிருந்து கயிற்றை எடுத்தாள். தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இங்கயா? ஊர் முழுக்க ஆளுங்க இருக்காங்க. புரூஜ்காரங்க!"

"அதான். கழுத்தை நீட்டு."

வேர்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்தது. குனிந்தாள். குனிந்த உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டாள், எங்கள் ஊரில் கயிறு போட்டவர்கள் நிமிர்வதுபோல.

"செருப்பையும் கழட்டணுமா?"

"வேண்டாம், தரை ஜில்லுனு இருக்கு. சளி பிடிக்கும்."

சுருக்கை மகளின் கழுத்தில் போட்டு, அவிழ்ந்துவிடாமலும் இறுகாமலும் இழுத்துவிட்டாள். காலரைக் கயிற்றுக்கு உள்ளே தள்ளிவிட்டாள், கயிறு நன்றாகத் தெரிய வேண்டும் என்று.

"ஸ்டேஷன் எந்தப் பக்கம்மா?" என்றபடி வேர்லா பழக்கதோஷத்தில் அண்ணாந்தாள்.

"கீழ பாருடி" என்றாள் ஹெர்லின்டா. "தூரத்துல பெட்டி உருளற சத்தம் கேக்குதா? அதுக்குப் பின்னால போ. நான் வர்றேன். முடிச்சு ஒரு பக்கமா போயிடுச்சு, நில்லு, சரி பண்றேன்."